சூப்பரா, சாதாவா?

1

நான் சிங்கப்பூர்க் குடிமகனாகி இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. காலையில் என் மனைவி தங்கம், "பாயசம் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம், ஆளை விடு" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து ஊர்ப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்கள் நன்றாக எழுதுகிறார்கள். தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் கிடைப்பது, சிராங்கூன் ரோட்டில் தீபாவளிக் கூட்டம், தோபாயோவில் அடுக்குமாடி வீடுகள் எழும்புவது எல்லாம் படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. நான் எழுதப்போவது அது இல்லை. நான் டிரைவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். என் பெயரை மட்டும் போட வேண்டாம்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் காத்தலிங்கம் என்று ஒருவன் இருக்கிறான். சிங்கப்பூரில் பெட்ரோல் கடையில் திருடிவிட்டு விரட்டப்பட்டவன் என்று ஊரில் அவனைப் பற்றிப் பேச்சாம். ரைஸ் மில்லில்கூட வேலை தர மறுக்கிறார்களாம். அவன் திருடவில்லை. அங்கே திருட்டு என்று ஒன்று நடக்கவே இல்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

2

என் முதலாளி மிளகாய், மல்லி, மஞ்சள் மொத்த வியாபாரி. நம் ஆள்தான், தமிழர். அவரிடம் நான் பதினோரு வருடமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை ஓட்டியது ஒரு கிழட்டு வண்டி. டாங்கியில் எதை ஊற்றினாலும் குடிக்கும். ஊரில் நான் ஓட்டிப் பழகிய நெல் லாரியும் அப்படித்தான். யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கலந்தே மன்னார்குடிக்கும் தஞ்சாவூருக்கும் அதை ஓட்டியிருக்கிறேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. வண்டியைப் பற்றி எவனாவது எனக்குச் சொல்லித்தர வந்தால் பொறுக்காது.

புது வண்டி வந்தது. வெண்ணெய் நிறம், நாலு கதவு, கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மினுமினுப்பு. கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். வண்டியை விற்ற ஆள் முதலாளியிடம் இங்கிலீஷில் மளமளவென்று பேசினான். முதலாளி அதை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னார்.

"உள்ள அழுத்தம் ஜாஸ்தியாம்ப்பா. ஹை கம்ப்ரெஷனாம். சூப்பர்தான் போடணுமாம், சாதா போட்டுறாத."

"சரிங்க முதலாளி" என்றேன்.

பெட்ரோலை இங்கே எண்ணெய் என்போம். பெட்ரோல் கடையில் அப்போது இரண்டு குழாய்கள். ஒன்று சூப்பர், விலை கூட. மற்றது சாதா. முதலாளி சொன்னது காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. புத்தியில் அது ஏன் ஏறவில்லை என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். மல்லிகா பிறந்தபோது தங்கத்துக்கு நாற்பது நாள் பத்தியம் போட்டார்கள். கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, மாம்பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது, எல்லாம் சூடு. பச்சை உடம்பு சூடு தாங்காது. புது இன்ஜினும் பச்சை உடம்புதானே? முதல் ஆயிரம் மைலுக்கு நாற்பதுக்கு மேல் வேகம் போகக்கூடாது என்று பின் கண்ணாடியில் அட்டைகூட ஒட்டிக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட உடம்புக்குப் போய் காரமான எண்ணெயை ஊற்றுவதா? அழுத்தம் வேறு ஜாஸ்தி என்கிறார்கள். சூட்டு உடம்புக்காரனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றுவது மாதிரி அல்லவா? ஆயிரம் மைல் வரை சாதா என்னும் கஞ்சி, பிறகு சூப்பர் என்னும் விருந்து. இது நான் போட்ட பத்தியம். முதலாளிக்குத் தெரியாமல் அவர் வண்டிக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எண்ணெய்க்குக் கொடுத்த பணத்தில் மிஞ்சியதை அவ்வப்போது அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்வார்.

குழாய் பிடிப்பவன் காத்தலிங்கம். முப்பது வயது இருக்கும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் என்பதால் நானும் அவனும் அண்ணன் தம்பியாகப் பழகினோம்.

"அண்ணே, இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் சூப்பர்தாண்ணே போடுறாங்க" என்றான் முதல் நாளே.

"நீ இந்தக் குழாயப் புடிச்சு எத்தன வருசமாவுது?"

"நாலு."

"நான் ஸ்டியரிங் புடிச்சு இருவத்தாறு. சாதா அடி."

"உங்க முதலாளி என்ன சொன்னாரு?"

"அட, அடிடான்னா!"

அடித்தான். அவன் அதற்குமேல் என்ன செய்வான்?

வண்டியோடு ஒரு புத்தகம் வந்திருந்தது, முழுக்க இங்கிலீஷ். வீட்டுக்குக் கொண்டுவந்து படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகாவுக்குப் பன்னிரண்டு வயது, இங்கிலீஷ் பள்ளிக்கூடம். "அப்பா, நான் ரீட் பண்ணிச் சொல்லட்டா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாததையா இந்தப் புஸ்தகம் சொல்லப்போவுது? போய் ஒன் பாடத்தப் படி."

அவள் எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு மட்டும் அவளைப் படிக்க விட்டிருந்தால்! என்ன சொல்லி என்ன, சனியன் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

3

இரண்டாவது வாரம் மேடு ஏறும்போதெல்லாம் இன்ஜினுக்குள் கடலை வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. புதுச் செருப்பு கத்துவதில்லையா, அப்படித்தான் இதுவும், போகப் போகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். மனதுக்குள் ஒரு முள் உறுத்தாமல் இல்லை. ஆனால் சூப்பருக்கு மாறினால் காத்தலிங்கத்தின் முன்னால் தோற்றுப்போன மாதிரி இருக்குமே! இருபத்தாறு வருட ஸ்டியரிங் என்று வாய் கிழியப் பேசிவிட்டேனே!

ஜூரோங்கில் அரசாங்கம் சதுப்பைத் தூர்த்துத் தொழிற்சாலைகளுக்கு நிலம் கொடுத்துக்கொண்டிருந்தது. மசாலாத்தூள் மில் வைக்க முதலாளி மனுப் போட்டிருந்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு அதிகாரிகள் இடத்தைக் காட்ட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதலாளி கோட்டு போட்டுக்கொண்டு, சந்தனம் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தார். நல்ல வெயில். தாமதமாகிவிட்டது என்று என்னை விரட்டினார். நானும் அழுத்தினேன்.

புக்கிட் தீமா தாண்டி ஒரு மேட்டில் கடலைச் சத்தம் கல் உடைக்கிற சத்தமாக மாறியது. பிறகு ஒரு இடி. பின்னால் நீலப் புகை. வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது.

முதலாளி இறங்கினார். வெயிலில் அரைமணி நேரம் நின்றார். கடைசியில் செம்மண் ஏற்றிப்போகிற லாரி ஒன்றில் கோட்டோடு ஏறிப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் கிளம்பிவிட்டார்கள். அந்த நிலம் பிறகு வேறொருவருக்குப் போயிற்று. வண்டியால்தான் போனதா, அது எனக்குத் தெரியாது. அவர் அப்படித்தான் சொன்னார், இன்றைக்கும் சொல்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு சீனர் இன்ஜினைப் பிரித்து பிஸ்டனை எடுத்துக் காட்டினார். நடுவில் சுண்டு விரல் நுழைகிற ஓட்டை. டாங்கியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். மலாயில் முதலாளியிடம், "மலிவு எண்ணெய். இந்த வண்டிக்கு ஆகாது" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"எந்த எண்ணெய்ப்பா போட்ட?"

இந்த இடத்தில் என் நிலைமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குடியுரிமை இல்லாதவன் வேலை செய்ய வேண்டுமானால் பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. முதலாளி வேண்டாம் என்றால் பர்மிட் போச்சு. பர்மிட் போனால் கப்பல்தான். என் குடியுரிமை மனு ஆபீசில் கிடந்தது. அதில் வைக்க முதலாளியின் கடிதம் ஒன்று கேட்டிருந்தார்கள், அவர் இன்னும் எழுதித் தரவில்லை. பஃபலோ ரோட்டில் ஒற்றை அறையில் குடித்தனம். மல்லிகாவுக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடமும் ஓடாது. ஊரில் எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நாற்பத்தைந்து வயதில் போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

"சூப்பர்தான் முதலாளி" என்றேன்.

சொன்ன குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

4

நான் காத்தலிங்கத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. இதை எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே! சூப்பர் கேட்டவன் டாங்கியில் சாதா இருந்தால், குழாய் பிடித்தவன் கைவரிசை காட்டிவிட்டான் என்றுதானே அர்த்தம்? சூப்பர் விலை வாங்கிக்கொண்டு சாதா அடிக்கிற வேலை அங்கங்கே நடப்பதாக டிரைவர்கள் பேசிக்கொள்வதுண்டு. முதலாளி நேரே பெட்ரோல் கடைக்காரரிடம் போனார். அன்று சாயந்திரமே காத்தலிங்கத்தின் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கடையின் பெயர் தைத்த சட்டை அது.

மறுநாள் காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் டீக்கடையில் என்னைத் தேடி வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க கேட்டதத்தானே அடிச்சேன்?"

"ஆமாப்பா."

"அத ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம். நான் திருடலன்னு சொல்லுங்க. எனக்குப் பர்மிட் அந்தக் கடைப் பேர்லதாண்ணே இருக்கு."

"பாக்கலாம்ப்பா."

"பாக்கலாம்னா எப்பண்ணே? கப்பலேத்த நாள் குறிச்சிட்டாங்க."

"பாக்கலாம்னு சொல்றேன்ல!" என்று சத்தம் போட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மேல் எனக்கு வந்த கோபத்தை அவன் மேல் காட்டினேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "டீ ஆறிப்போவுதுண்ணே, குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தான். இரண்டு தடவையும் நான் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னேன். இரண்டாவது தடவை கதவைத் திறந்தது மல்லிகா. "அப்பா வேலைக்குப் போயிட்டாங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வண்டியின் புத்தகம் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"சூப்பர் மட்டும்தான்னு பெருசா போட்டிருக்கு லா அப்பா."

தங்கம் அடுப்படியில் இருந்தாள். அவளுக்குப் புரியக்கூடாது என்றோ என்னவோ, பிள்ளை அடுத்ததை இங்கிலீஷில் கேட்டது. நீங்கள் பொய் சொன்னீர்களா என்று கேட்டது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும்.

புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். அன்றைக்குப் பிறகு அவள் எதற்கும் "படிச்சுச் சொல்லட்டா அப்பா" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. வீட்டில் தமிழும் குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தால்தான் பிள்ளைகள் கையைவிட்டுப் போகின்றன என்று ஊருக்கு எழுதுகிறார்களே, என் வீட்டில் அது பள்ளிக்கூடத்தால் இல்லை.

காத்தலிங்கம் போன கப்பலை வழியனுப்ப நான் போகவில்லை. அன்று முதலாளியை, இன்ஜின் மாற்றி வந்த அதே வண்டியில், எங்கேயோ கூட்டிக்கொண்டு போனேன். எங்கே என்று நினைவில்லை.

5

முதலாளி கடிதம் கொடுத்தார். ஆபீசுக்குப் போனேன். ஒரு ஜன்னலில் வரிசை, அங்கிருந்து இன்னொரு ஜன்னல், அங்கே மனுப் பாரம் சரியில்லை என்று முதல் ஜன்னலுக்கே. மூன்றாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர், தமிழ் பேசினார். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார். நான் முதலாளியின் பெயரைச் சொன்னேன். தெரிந்து சொல்லவில்லை, பயத்தில் வாயில் அதுதான் வந்தது. பாரத்தில் வேறு பெயர் இருக்கிறதே என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். திருத்திச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இத்தனை வருஷத்துல வேலையில ஏதாவது பிரச்சினை உண்டா?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

முதலாளியின் கடிதத்தை அவர் படித்தார். நேர்மையானவன், நம்பிக்கைக்குரியவன் என்று உங்கள் முதலாளி எழுதியிருக்கிறார் என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சில வாரம் கழித்து ஒரு மண்டபத்தில் முப்பது நாற்பது பேரோடு கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். வெளியே வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால் என்று தங்கத்திடம் சொன்னேன்.

6

போன வாரம் காத்தலிங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. குற்றம் சொல்லி ஒரு வரி இல்லை. தங்கத்தையும் மல்லிகாவையும் விசாரித்திருந்தான். பிறகு எழுதியிருந்தது இது: "ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியவில்லை அண்ணே. உங்களுக்குத்தான் இப்போது குடியுரிமை கிடைத்துவிட்டதாமே. இனிமேல் உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் முதலாளியிடம் சொல்லி, என்மேல் குற்றமில்லை என்று கடைக்காரருக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வேலை தராவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று என் கையில் இருந்தால் போதும்."

அவன் சொல்வது சரிதானே? எனக்கு இனி என்ன பயம்? மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினேன். மூன்று நாளும் முதலாளி ஏறும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், இறங்கும்போது நாளைக்கு என்று நினைப்பேன். இன்று நான் குடிமகனாகி வருடம் முடிகிற நாள். இன்றும் சொல்லாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று கிளம்பினேன்.

கடை வாசலில் முதலாளி ஏறி உட்கார்ந்தார். நான் வண்டியை எடுக்கவில்லை.

"முதலாளி, அன்னைக்கு இந்த வண்டிக்கு நாந்தான் சாதா போடச் சொன்னேன். காத்தலிங்கம் மேல தப்பு இல்ல."

பின்னால் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்ப்பா" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பன்னெண்டு வருஷமா உன் பிடரியத்தான் பாத்துக்கிட்டு வர்றேன். ஒர்க்‌ஷாப்புல நீ பொய் சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சப்ப அது செவந்து போச்சு. அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா முதலாளி அவன..."

"உன்ன அனுப்பிட்டு நான் யார வச்சுக்கிறது? என் வீடு தெரியும், கடை தெரியும், நான் எங்க போறேன் எங்க வர்றேன் எல்லாம் தெரிஞ்ச ஆளு. குழாய் புடிக்க வேற ஒருத்தன் வருவான். வந்துட்டான்ல?"

"ஒரு வரி எழுதிக் குடுங்க முதலாளி. ஊர்ல அவனத் திருடன்னு சொல்றாங்க."

"எழுதினா நான் பொய்ப் புகார் குடுத்தவன்னு ஆகும். உனக்கு நேர்மையானவன்னு கடிதம் குடுத்தேனே, அதுவும் பொய்னு ஆகும். குடுத்த குடியுரிமைய வாங்க எத்தன நேரம் ஆகும்னு நினைக்கிற?" குரலில் கோபமே இல்லை. சரக்கு விலை பேசுகிற குரல்தான். "அந்த டாங்கியப் பாரு, முள்ளு கீழ கெடக்கு. எண்ணெய் போட்டுக்கிட்டு போவலாம். வண்டிய எடு."

குடியுரிமையை அப்படிப் பிடுங்க முடியுமா? யாரைப் போய்க் கேட்பது? கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே! மல்லிகாவுக்கு இந்த வருடம் பரீட்சை. தோபாயோ வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறோம். வண்டியை எடுத்தேன்.

பெட்ரோல் கடையில் அதன் முதலாளி, அதாவது காத்தலிங்கத்தை அனுப்பிய மனிதர், வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் பத்தடி தூரம். கண்ணாடியை இறக்கினேன். இப்போது சொன்னால் எழுத்து எதுவும் தேவையில்லை. எங்கள் முதலாளியின் தயவு தேவையில்லை. இங்கிருந்தபடியே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை போதும். பின் சீட்டில் பேப்பர் புரளவில்லை.

குழாய் பிடிக்கிற புது ஆள் குனிந்து என்னைப் பார்த்தான்.

"என்னண்ணே போடட்டும்?"

நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, எங்கள் வண்டி என்று தெரிந்ததும் சிரித்துக் கை தூக்கினார். நான் வாயைத் திறந்தேன்.

"சூப்பர்" என்றேன்.